வெளி அமைதிக்கு அனுமதி இல்லை

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு முதலில் போவது முதுகு இல்லை. அதற்கும் கீழே, மனிதனுக்கு வால் இருந்திருந்தால் முளைத்திருக்க வேண்டிய இடம். அங்கே எனக்கு ஒரு வலி குடியேறியிருந்தது. நின்றால் நின்றது, நடந்தால் கூடவே வந்தது, உட்கார்ந்தால் எனக்கு முன்னால் உட்கார்ந்தது. என் அப்பா கல் உடைத்தவர். அம்மா அதைச் சுமந்தவள். இரண்டு பேருக்கும் இடுப்பு போனதற்கு ஊரறிந்த காரணம் இருந்தது. குளியலறையில் உட்கார்ந்து ஃபோன் பேசி இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன் என்று வைத்தியரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

குளியலறைக்குப் போனதற்குக் காரணம் என் மனைவியின் தூக்கம். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. ஈரமான படுக்கை விரிப்புகளை இழுத்துச் சூட்டு உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்க வேண்டும். காலையில் வந்து கையைக் காலைக் கழுவிக்கொண்டு படுத்துவிடுவாள். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. கதவு என்று தனியாக இருப்பது குளியலறைக்கு மட்டும்தான். என் வேலையோ பேச்சு. தண்ணீர் மோட்டார் விற்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புகார் கேட்கிறேன். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, மடியில் இருக்கும் கணினியில் தட்டிக்கொண்டு, "புரியுது சார், உங்க கஷ்டம் புரியுது சார்" என்று பொழுது சாயும்வரை சொல்ல வேண்டும்.

குளியலறையில் பேசினால் குரல் முழங்கும். "தம்பி, எனக்காகக் கிணத்துக்குள்ளயே இறங்கிப் பாக்குறீங்களா?" என்று ஒரு பெரியவர் நெகிழ்ந்துபோனார். இன்னொரு அம்மாவுக்குப் பின்னால் குழாய் சொட்டுவது கேட்டுவிட்டது. "எங்க மோட்டார் ஓடல. உங்க வீட்ல மட்டும் கொட்டுது. நல்லா இருங்கப்பா" என்றவர், அதோடு விடாமல் மேலிடத்துக்கும் சொல்லிவிட்டார். பின்னணிச் சத்தம் என்று மேலாளரிடமிருந்து எச்சரிக்கை வந்தது. குழாயைத் துணியால் கட்டினேன். கதவைத் திறந்து வைத்துப் பேசினேன். முழக்கம் குறைந்தது. மனைவி விழித்துக்கொண்டாள்.

நான் தற்காலிக ஆள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேலாளரே என்னை அழைத்து ஒரு முறை சோதிப்பதாக ஏற்பாடு. பின்னால் சத்தமில்லாமல் பேசித் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் கழற்றிவிடுவார்கள்.

அன்று காலை அவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்.

"இன்னைக்கு நான் வெளியே எங்கயாவது உக்காந்து வேலை பாத்துக்குறேன். சாயங்காலம் வரைக்கும் நீ நிம்மதியாத் தூங்கு."

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமா. பகல் முழுக்க உன்னுது."

"நேத்து விரிப்பு மடிக்கும்போது அப்படியே அதுக்குள்ள படுத்துக்கலாமான்னு இருந்துச்சு. மேஸ்திரிப் பொம்பள பாத்துட்டா. 'உன்னையும் சேத்து மடிச்சு வார்டுக்கு அனுப்பிரட்டுமா'ன்னு கேக்குறா."

"ஃபோனை அணைச்சுட்டுப் படு."

"அணைச்சா, கூப்பிட்டோம் எடுக்கலன்னு ஆஸ்பத்திரியில அரைநாள் கூலி வெட்டுவாங்க. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். யாரு கூப்பிடப் போறா?"

யார் கூப்பிடுவார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. கணினியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, கதவைப் பூனை மாதிரி சாத்திவிட்டு இறங்கினேன்.

முதல் காபிக்கடையில் பிளக் செருக இடம் இருந்த ஒரே மேசைக்கு மேலே ஒலிபெருக்கி இருந்தது. பாடுகிறவள் என் தலையில் நின்றுகொண்டு பாடினாள். இரண்டாவது கடையில் நாற்காலிகளை, மனிதன் அதில் தங்கிவிடக் கூடாது என்ற நோக்கத்தோடு செய்திருந்தார்கள். என் வலி அதைத் தன் சொந்தக்காரனாக அடையாளம் கண்டுகொண்டது. மூன்றாவது கடை முதலாளி நான் உட்கார்ந்ததிலிருந்து என் மேசையையே துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் கணினியைச் சுற்றித் துடைத்தார். பிறகு கணினியைத் துடைத்தார். என் கைக்கு வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

நான்காவதாகத்தான் அந்தப் பலகையைப் பார்த்தேன். ஒரு குறுக்குச் சந்தில், கண்ணாடிக் கதவுக்கு மேலே, பெரிய எழுத்தில் இருந்தது: 'அமைதிப் பணிக் காபியகம். மடிக்கணினிகளை வரவேற்கிறோம். மனிதர்கள் அமைதி காக்கவும்.'

உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் என் மார்புக்கு நேராகக் கையை நீட்டி நிறுத்தினாள். சாம்பல் நிறச் சீருடை. சட்டையில் 'அமைதி அலுவலர்' என்று தைத்திருந்தது. அவள் கிசுகிசுப்பாகத்தான் பேசினாள். ஆனால் அந்தக் கிசுகிசுப்பு புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி கடைசி மேசை வரைக்கும் போனது.

"முதல் தடவையா சார்?"

"ஆமாங்க."

"அப்ப அறிமுக உரை இருக்கு. நின்னுக்கிட்டே கேக்கணும். உக்காந்தா நாற்காலி கிறீச்சுனு வரும்."

நின்றேன். அமைதி என்றால் என்ன, அது எத்தனை வகை, எந்த வகை இங்கே கிடைக்கும், எந்த வகை தற்போது இருப்பில் இல்லை என்றெல்லாம் அவள் சொன்னாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அனைவரும் வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு புது ஆளுக்கும் அவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது.

"மூணு மணிக்கு எனக்கு ஒரு ஃபோன் வரும். பேசணும். அதுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"பேச்சறை இருக்கு சார். சத்தம் ஒரு சொட்டு வெளியே போகாது."

"அப்ப நல்லது."

"அதுக்குள்ளதான் எங்க மைக், ஒலிபெருக்கி எல்லாம் வச்சிருக்கோம். ஆள் நுழைய முடியாது."

"மைக் எதுக்குங்க?"

"அமைதி காக்கச் சொல்றதுக்கு" என்றாள், பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்பதுபோல. பிறகு, "உங்க அமைதிக்கு யாராவது பொறுப்பு ஏத்துக்கணும் சார். ஜாமீன் மாதிரி. வீட்ல யாரு இருக்காங்க?"

"மனைவி."

"அவங்க நம்பர்?"

என் வாயிலிருந்து வரும் ஒரே நம்பர் அதுதான். சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், "எப்பக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

"அவசரம்னாத்தான் சார்."

கேட்டதும் மனம் ஆறியது. என்ன அவசரம் என்று கேட்டிருக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் சீருடை போட்டவர்களிடம் இரண்டாவது கேள்வி கேட்டுப் பழகவில்லை.

அடுத்தது தட்டல் சோதனை. கணினியைத் திறந்து எதையாவது தட்டிக் காட்டச் சொன்னாள். 'புரியுது சார்' என்று தட்டினேன். அவள் முகம் சுருங்கியது.

"சார் இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"படிக்கிற காலத்துல அப்பாகூடக் கல்லு உடைக்கப் போயிருக்கேன்."

"தெரியுது. கனத் தட்டல். பின்னாடி மூலையில உக்காருங்க."

பின்மூலையில் காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் இருந்தது. அதற்குப் பக்கத்து மேசை எனக்கு. நான் உட்கார்ந்ததுமே அது ஓட ஆரம்பித்தது. கல் அரவை நிலையத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. அலுவலரைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி, என் காதோரம் வந்து கத்தினாள்:

"அது நிறுவன ஒலி சார். கணக்குல வராது. வாடிக்கையாளர் ஒலிதான் தப்பு."

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் இன்னொன்று நடந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ஒருவன் ஃபோனில் யாருடனோ சண்டை போட்டான். ஒருத்தி தங்கைக்குக் கல்யாணப் புத்தி சொன்னாள். இரண்டு பேர் மேசைக்கு மேசை எதையோ பேரம் பேசினார்கள். இயந்திரம் நின்றது. எல்லா வாயும் அந்தந்த இடத்தில் நின்றது. "அவன நம்பி நீ" என்றவள் அப்படியே சிலையாகி உட்கார்ந்திருந்தாள். அவள் தங்கை மறுமுனையில் அடுத்த கொட்டைக்காகக் காத்திருக்க வேண்டும்.

எதிர் மேசையில் ஒல்லியான ஆள் ஒருவர். மொழிபெயர்ப்பாளர். அடுத்த அரைப்பு ஓடும்போது என் பக்கம் சாய்ந்தார்.

"புதுசா? அரைக்கும்போது மட்டும் பேசுங்க. சுவத்துல பாருங்க, மானி. அரைக்கிற சத்தத்தை அதுக்குக் கேக்காத மாதிரி திருப்பி வச்சிருக்காங்க. அந்த மாதிரி சத்தம் ஓடினா, அடியில நாம என்ன பேசினாலும் அதுக்குத் தெரியாது."

கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"சத்தம் கேட்டா?"

"செவப்பு எரியும். விசில் அடிக்கும்."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்கண்ணே?"

"மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வைக்கிற காகிதத்தை மொழிபெயர்க்கிறேன். இப்ப பக்க விளைவுக்கு வந்திருக்கேன். தலைவலி, படபடப்பு, காரணமில்லாத அழுகை. இங்க வந்தப்புறம் வார்த்தை தேடவே வேண்டிய"

இயந்திரம் நின்றது. 'தில்லை' அவர் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

நான் வேலையைத் தொடங்கினேன். மூன்று மணிவரை எழுத்தில் வந்த புகார்கள்தான். முதல் புகாருக்குப் பதில் தட்டினேன். 'உங்கள் கஷ்டம் புரிகிறது' என்பதில் என்னையறியாமல் கொஞ்சம் உணர்ச்சி கூடிவிட்டது போல. மானியில் சிவப்பு எரிந்து விசில் கிளம்பியது. ரயில் நிலையத்துக்குப் போதுமான விசில். சத்தம் கேட்டால் விசில் அடிக்க வேண்டும் என்பது அதற்கு இட்ட உத்தரவு. தன் விசிலும் அதற்குச் சத்தமாகத்தான் கேட்டது. ஆகையால் தொடர்ந்து அடித்தது. அலுவலர் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து, ஏறி நின்று, மானியின் தலையில் தட்டி நிறுத்தினாள். இறங்கிப் போய் மைக்கை எடுத்தாள்.

"பின்மூலையில் அமர்ந்திருக்கும் கனத் தட்டல் வாடிக்கையாளர் அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

கண்ணாடி அதிர்ந்தது. மானி மறுபடியும் சிவந்தது. மறுபடியும் நாற்காலி.

இது முடிந்ததும் அவள் வாசலுக்கு வெளியே போய் நின்று யாருக்கோ ஃபோன் செய்தாள். கண்ணாடி வழியாக அவள் உதடு மட்டும் தெரிந்தது. மிகவும் மரியாதையாகப் பேசினாள். நான் விரல் நுனியால், பூவைத் தொடுகிற மாதிரி, அடுத்த புகாருக்குப் பதில் எழுதினேன். அப்போது மொழிபெயர்ப்பாளருக்குத் தும்மல் வந்தது. சிவப்பு, விசில், நாற்காலி, மைக். இந்த முறை அவர் முறை. அலுவலர் வெளியே போய் ஃபோன் செய்தாள்.

பிறகு நான் மூச்சு விட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்கும் அடித்தது. அவள் வெளியே போனாள்.

அரைப்பு ஓடியதும் கேட்டேன்: "அண்ணே, இந்தம்மா ஒவ்வொரு தடவையும் யாருக்குப் பேசுது?"

"ஜாமீன்தாருக்கு."

"எதுக்கு?"

"இன்னார் சத்தம் போட்டார்னு தகவல். எனக்கு எங்க அக்கா. என் தும்மலெல்லாம் அவளுக்குத்தான் போகுது. போன வாரம் இஞ்சி வாங்கி அனுப்பிருந்தா."

இயந்திரம் நின்றுவிட்டதைக்கூடப் பார்க்காமல் எழுந்துவிட்டேன். நாற்காலி கத்தியது. அலுவலரிடம் ஓடினேன்.

"எம் மனைவிக்கா கூப்பிட்டீங்க?"

"ஆமா சார்."

"அவசரம்னாத்தான் கூப்பிடுவோம்னீங்களே."

"இங்க சத்தம்தான் சார் அவசரம். வேற என்ன இருக்கு?"

"அவ ராத்திரி வேலை பாத்துட்டு வந்து தூங்குறா. அவ தூங்கணும்னுதான் நான் இங்க வந்ததே."

"அதைத்தான் சார் நானும் அவங்ககிட்ட சொன்னேன். 'உங்க கணவர் அமைதிக்காக வந்திருக்கார், ஆனா அமைதியா இல்ல'ன்னு. முதல் தடவை, 'யாரு'ன்னு கேட்டாங்க. இப்ப, 'எங்க இருக்கு அந்தக் கடை'ன்னு கேட்டாங்க. அக்கறையான பெண்மணி."

நான் பேசியதெல்லாம் மானிக்குக் கேட்டிருந்தது. விசிலுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளர் பொறுக்க முடியாமல் சட்டைப்பையிலிருந்து இரண்டு உருண்டைப் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அலுவலர் என்னை விட்டுவிட்டு அவரிடம் பாய்ந்தாள்.

"சார், அதை எடுத்துடுங்க. வெளி அமைதிக்கு அனுமதி இல்ல."

"என்னது?"

"வெளியிலேருந்து கொண்டு வர்ற அமைதியை உள்ள பயன்படுத்தக் கூடாது. இங்க எங்க அமைதியைத்தான் பயன்படுத்தணும்."

"பஞ்சுங்க இது. காயத்துக்கு வைக்கிற பஞ்சு."

"இப்படி ஆளாளுக்குப் பஞ்சு கொண்டு வந்தா, நாங்க எதுக்கு சார் கடை நடத்துறோம்?"

அவர் காதிலிருந்து பஞ்சை உருவி அவள் கையில் கொடுத்தார். அவள் அதை ஒரு ஜாடிக்குள் போட்டாள். ஜாடி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

கால்மணி நேரத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு என் மனைவி வந்தாள். வீட்டில் கட்டியிருந்த பழைய சேலை, ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் அவள் செருப்பு. கண் இரண்டும் பழுத்துச் சிவந்திருந்தது.

"முதல் தடவையா மேடம்? அறிமுக உரை இருக்கு" என்றாள் அலுவலர்.

என் மனைவி அவளைக் கடந்து வந்து என் முன்னால் நின்றாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது, இறங்கும்.

"யோவ், சத்தம் போட்டியா?"

"இல்லம்மா. தட்டினேன்."

"தட்டினதுக்கு ஒரு ஃபோனு. தட்டினதை நிறுத்தினதுக்கு ஒரு ஃபோனு. குளியலறையில உக்காந்து நீ பேசுனப்பகூட ஒரு கண்ணு மூடுச்சுய்யா எனக்கு. வெளியே போறேன் வெளியே போறேன்னு போயி, கடை வச்சு ஆள் வச்சுல்ல எழுப்புற."

"நான் எழுப்பச் சொல்லல. ஜாமீன்னு கேட்டாங்க, நம்பர் குடுத்தேன்."

"எந்நேரமும் மோட்டாருக்கு எர்த்து குடுங்க, அடிக்கிற கரண்டெல்லாம் அதுல இறங்கிடும்னு ஊருக்கே சொல்லுவ. உனக்கு எர்த்து நான்தானா?"

பின்னால் யாரோ கைதட்டினார்கள். ஒரே ஆள். நீளமான வெள்ளைச் சட்டை, வெறுங்கால். காபியகத்தின் நிறுவனர். சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். அலுவலர் தலையைத் தாழ்த்திக்கொண்டு சேதியைச் சொன்னாள். அவர் என் மனைவியைப் பார்த்துக் கனிவாகச் சிரித்து, ஒரு நாற்காலியைக் காட்டினார். அது மெத்தை வைத்த நாற்காலி. கடையில் அப்படி ஒன்று இருப்பதை அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை.

"உக்காருங்கம்மா. உங்க மனசுல சத்தம் இருக்கு. அதுக்கு ஒரு சின்ன உரை சொல்றேன்."

என் மனைவி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்ப்பது அபூர்வம். ஒன்று நிற்பாள், ஒன்று படுப்பாள்.

"நான் அமைதியைத் தேடி மலைக்கெல்லாம் போனவன்மா" என்று நிறுவனர் மைக்கில் ஆரம்பித்தார். அவர் குரலும் மானிக்குக் கேட்காத மாதிரி திருப்பி வைத்திருந்தார்கள். "அங்க பாத்தா, அமைதி சும்மா கெடக்குது. கேக்க ஆளில்ல. வேலி இல்ல, விலை இல்ல. யார் வேணா எடுத்துக்கலாம்ங்கிற மாதிரி கெடக்குது. எனக்கு மனசே ஆறல. இதுக்கு ஒரு கதவு, ஒரு கட்டுப்பாடு, ஒரு சீருடை குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு அழுதுட்டேன். இறங்கி வந்து இதை ஆரம்பிச்சேன். முதல் வருஷம் இங்க நிஜமாவே அமைதியா இருந்துச்சு. அதுதான் நாங்க செஞ்ச தப்பு. வந்தவங்க காபி குடிச்சாங்க, வேலை பாத்தாங்க, போனாங்க. அமைதின்னு ஒண்ணு இருந்ததையே யாரும் கவனிக்கல. ஒருத்தர்கூட நன்றி சொல்லல. அப்பதான் புரிஞ்சுது. அமைதியா இருக்குன்னு அப்பப்பச் சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் ஜனங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் மைக். அதுக்கப்புறம்தான் விசில். இப்ப பாருங்க, உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் அமைதி எங்க, அமைதி எங்கன்னு ஏங்குறாங்க. இந்த ஏக்கத்தை உண்டாக்குறதுக்கு எனக்கு இத்தனை வருஷம் ஆச்சும்மா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார். அவள் தூங்கியிருந்தாள்.

தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கை இரண்டும் விரிப்பு மடிக்கிற வாக்கில் மடியில் கிடந்தது. முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு எங்கோ அடியிலிருந்து குறட்டை கிளம்பியது. சீரான, கனமான குறட்டை. சலவைக்கூடத்து உருளையோடு இத்தனை வருஷம் இருந்ததில் அதன் சுருதி இவளுக்கு வந்துவிட்டதோ என்னவோ. நிறுவனர் மானியைப் பார்த்தார். அலுவலர் மானியைப் பார்த்தாள். கடையே பார்த்தது.

பச்சை எரிந்தது.

"கேக்கலையா அதுக்கு?" என்றார் நிறுவனர்.

"அரைக்கிற மிஷின்னு நெனச்சுக்குது சார்."

"அப்படின்னா இது நிறுவன ஒலியா?"

"மானி அப்படித்தான் சொல்லுது சார்."

நிறுவனர் முகவாயைத் தடவினார். மானியை அமைத்தவர் அவர். அது தப்பாகச் சொல்லாது. அது சரியென்றால் இந்த அம்மா நிறுவனத்தைச் சேர்ந்தவள். சேர்ந்தவள் என்றால் எந்தப் பிரிவு, பணி நேரத்தில் தூங்கலாமா, அதற்கு அனுமதி கொடுப்பது யார். இரண்டு பேரும் ஆலோசிக்க மாடிக்குப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் "அவன நம்பி நீ" என்று நின்றிருந்த அக்கா ஃபோனை எடுத்து "மோசம் போயிராத" என்று முடித்தாள். அதற்குப் பிறகு கடையே பேசியது. எந்த அரைப்பும் இத்தனை நேரம் ஓடியதில்லை. சண்டைக்காரன் சமாதானமானான். பேரம் முடிந்து கைகுலுக்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் தன் அக்காவுக்கு ஃபோன் செய்து இஞ்சி போதும் என்றார். குறட்டை எங்கள் எல்லோர் மேலும் ஒரு போர்வை மாதிரி விரிந்திருந்தது. யார் வாயும் பாதியில் நிற்கவில்லை.

அப்போது என் ஃபோன் அடித்தது. மணி மூன்று.

வெளியே ஓடலாமென்றால், சந்தில் யாரோ இரும்புக் கதவை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்திலேயே நின்று எடுத்தேன்.

"வணக்கம் சார். உங்க மோட்டார்ல என்ன பிரச்சினை சார்?"

மேலாளர் வாடிக்கையாளர் மாதிரி நடித்துக் கொஞ்ச நேரம் பேசினார். நானும் கஷ்டம் புரிந்துகொண்டேன். திடீரென்று நடிப்பை நிறுத்தினார்.

"பின்னாடி என்னய்யா சத்தம்?"

வேலை போனது என்று தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் என் வாயில் எங்கள் கம்பெனிதான் வந்தது.

"மோட்டார் சார்."

"நம்மளுதா?"

"நம்மளுதுதான் சார்."

"பக்கத்துல கொண்டு போய் வை."

ஃபோனை அவள் மூக்கருகே நீட்டினேன். அவர் பட்டறையிலிருந்து மேலே வந்தவர். மோட்டார்ச் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்வார் என்று கம்பெனியில் பேர். மூன்று குறட்டை முழுதாகக் கேட்டார்.

"பேரிங் தேஞ்சு கெடக்கு" என்றார் கடைசியில். அதிகாரியின் குரல் அவரிடம் இல்லை. "சுமைக்கு மேல சுமை. நடுவுல நடுவுல போட்டுப் போட்டு அணைச்சிருக்காங்க. அதுதான் ரொம்பக் கெடுதல். ஓடவும் விடல, நிக்கவும் விடல. இப்படியே போனா ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம நின்னுரும். யாரு இதுக்குப் பொறுப்பு?"

"நான்தான் சார்."

"மனுஷனாய்யா நீ? ஒரு பகல் முழுக்க நிறுத்திப் போடு. ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. வேற மருந்தே இல்ல இதுக்கு."

"சரி சார்."

"ஆனா ஒண்ணு. வேலைநேரத்துலயும் மோட்டாரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்க பாரு, அது எனக்குப் பிடிச்சிருக்கு. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லிடுறேன். நாளையிலேருந்து காலை எட்டு மணியிலேருந்து பொழுது சாயற வரைக்கும் முழுக்கப் பேச்சு வேலைதான். அமைதியான இடமாப் பாத்து உக்காந்துக்கோ."

ஃபோனை வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றிச் சுருக்கம் விட்டிருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக வருகிற வெயில் முகத்தில் படாமல் இருக்கப் பக்கத்தில் நின்று மறைத்துக்கொண்டேன். எனக்கு வலிகூடத் தெரியவில்லை.

மாடிப்படியில் காலடி கேட்டது. எல்லோரும் வாயை மூடினார்கள். நிறுவனர் முன்னால் வந்தார், அலுவலர் மைக்கோடு பின்னால் வந்தாள். இரண்டு பேர் முகத்திலும் நல்ல சேதி இருந்தது.

"வேண்டாங்க" என்றேன்.

"நல்ல முடிவுதான் சார், பயப்படாதீங்க" என்றவள் மைக்கை வாயருகே பிடித்தாள். "மெத்தை நாற்காலியில் தூங்கும் பெண்மணிக்கு, தொடர்ந்து தூங்க நிறுவனம் அனுமதி வழங்கியிருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மைக் குறட்டையையும் மிஞ்சியதில் மானி விசிலடித்தது. என் மனைவி அசையவில்லை. ஈர விரிப்போடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியவள் விசிலுக்கெல்லாம் எழுந்திருக்க மாட்டாள்.

"தகவல் போய்ச் சேந்துச்சான்னு தெரியணுமே" என்றார் நிறுவனர்.

"அவ தூங்குறா. அதுதான தகவல்" என்றேன்.

"அவங்க ஒப்புக்கொண்டாத்தான் சார் அனுமதி செல்லும்" என்று சொல்லிக்கொண்டே அலுவலர் குனிந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா. அம்மா. நீங்க தூங்கலாம்."

என் மனைவி கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரிய அவளுக்கு நேரமானது.

"என்ன?"

"தூங்கலாம்மா நீங்க. முடிவாயிடுச்சு."

"தூங்கிட்டுத்தானே இருந்தேன்."

"அது அனுமதி இல்லாத தூக்கம். இப்ப தாராளமாத் தூங்கலாம்."

அவள் அலுவலரைப் பார்த்தாள். நிறுவனரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று கடையே காத்திருந்தது. அவள் குனிந்து காலைப் பார்த்து, "ஒரு செருப்பு உங்களுது" என்றாள் என்னிடம். எழுந்துகொண்டாள். காலையில் சத்தமில்லாமல் இறங்கிய அவசரத்தில் நானும் ஒரு காலில் அவள் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்; அந்த வேறு வேறு செருப்போடு பின்னால் நடந்தேன். வாசலைத் தாண்டும்போது அலுவலர் கிசுகிசுத்தாள்: "நாளைக்கும் வாங்க மேடம். நீங்க இருந்தா மிஷினுக்கு மின்சாரம் மிச்சம்."

ஐந்து மணிக்கெல்லாம் அவள் சலவைக்கூடத்தில் இருக்க வேண்டும்; வீட்டுக்குப் போனால் திரும்பிப் புறப்படத்தான் நேரம் இருக்கும். ஆஸ்பத்திரிப் பக்கமாகவே நடந்தோம். சந்துமுனைத் தேநீர்க்கடையில் நின்று குடித்தோம். அவள் கிளாஸைக் கண்ணோடு ஒத்திக்கொண்டாள்.

"வேலை என்னாச்சு?"

"நிரந்தரம்."

"ம். நல்லது. எப்பலருந்து?"

"நாளையிலேருந்து. காலைலருந்து பொழுது சாயற வரைக்கும். முழுக்கப் பேச்சு."

"எங்க உக்காந்து?"

நான் தேநீரை ஊதினேன். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

அவள் சிரித்தாள். கிளாஸை வைத்துவிட்டு, கொட்டாவியைப் புறங்கையால் மறைத்துக்கொண்டு, "குழாய்க்குத் துணியாவது நல்லாக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சலவைக்கூடத்து வாசலுக்குள் போனாள். உள்ளே உருளை ஓடத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் தெருவரை வந்தது.

நான் அவளுக்கு ஒரு முழுப் பகல் தூக்கம் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.